பிழைத்த கன்றுக்குத்தான் காசு

அன்புள்ள ஐயா,
வங்காரி மாத்தாயின் வாழ்க்கையைப் படித்ததிலிருந்து மனம் ஆறவில்லை. 60 மாடிக் கட்டடத்தை எதிர்த்து நைரோபியின் பூங்காவைக் காத்தவர், 2004இல் சமாதானத்துக்கான நோபல் பெற்றவர். நம் மண்ணில் ஏன் அப்படி ஒருவர் வரவில்லை? ஜூன் 5, சுற்றாடல் தினத்தில் எங்கள் கழகம் அவர் நினைவாக 1000 கன்று நடுகிறது. வாழ்த்துச் செய்தி தரவேண்டும்.
– ஒரு வாசகர், களுவாஞ்சிக்குடி

அன்புத் தம்பி,

கென்யாக்காரி ஒருவருக்காகக் களுவாஞ்சிக்குடியில் ஒரு பிள்ளைக்கு மனம் ஆறவில்லை என்பதே எனக்குச் சந்தோசம். உங்கள் கேள்வியைப் பிறகு பார்ப்போம். ஜூன் 5 என்றதும்தான் சுர்ரென்று ஏறியது. எங்கள் தெருவோரம் போன வருசம் நட்டதில் இப்போது கம்பிக்கூடுதான் நிற்கிறது.

ஜூனில் மட்டக்களப்பில் என்ன காற்று வீசும் என்று கழகத்தில் ஒருவருக்கும் தெரியாதா? கச்சான், வறண்ட சுடுகாற்று! வளர்ந்த மரமே இலை சுருளும் நேரத்தில் 1000 பிஞ்சுக் கன்று. யார் தண்ணீர் ஊற்றுவது, பதாகை அடித்துக் கொடுத்தவரா?

வங்காரியும் ஜூன் 5 அன்றுதான் தொடங்கினார் என்பீர்கள். சரி. 1977இல் ஏழு மரம் நட்டார்கள், இரண்டுதான் மிஞ்சின. அப்புறம் வந்த ஏற்பாட்டைப் பாருங்கள். கிராமத்துப் பெண்கள் நாற்று வளர்ப்பார்கள். நட்டது பிழைத்தால்தான் கையில் சில சதம். அவருடைய இயக்கம் 30 மில்லியனுக்கு மேல் மரம் நட்டது அந்தக் கறார்க் கணக்கோடுதான். கலாநிதிப் பட்டம் பெற்றவர், எழுத்தறியாத அந்தப் பெண்களைப் பட்டமில்லாத வனவியலாளர்கள் என்றார். (பூங்காச் சண்டையை எல்லோரும் எழுதிவிட்டார்கள், விடுங்கள்.)

சுனாமிக்குப் பிறகு நம் வாவிக்கரையில் கண்டல் (உவர்நீர்ச் சேற்றில் வளரும் மரம்) நட்டதைப் பார்த்தேன். முருங்கைக்காய் போல நீண்ட நாற்றுகளை ஒரு தொண்டு நிறுவனம் நேர்வரிசையில் குத்தி, படமெடுத்துக்கொண்டு போனது. மீன்பிடிக்கும் அத்தாங்கு வலையோடு நின்ற கிழவர், "இதுக்குள்ள தண்ணி வத்தாது மனே, அழுகிப் போகும்" என்றார். அவரிடம் யார் கேட்டார்கள்? தண்டெல்லாம் சிப்பி ஒட்டிச் சாய்ந்தன. கரையோரம் தப்பியதை மாடு மிதித்தது. நாடு முழுக்க இதே கதைதான். கண்டல் நட்ட 23 இடங்களைப் பார்த்து 2017இல் வந்த ஆய்வில், 9 இடங்களில் ஒரு கன்றுகூட மிஞ்சவில்லை.

வாழ்த்தெல்லாம் இப்போது கிடையாது. 1000 வேண்டாம், 50 போதும். ஐப்பசி மழை விழுந்தபின் நடுங்கள், ஆட்டுக்கு வேலி அடையுங்கள், எந்தக் கன்று யார் பொறுப்பு என்று பெயர் எழுதி அனுப்புங்கள். அடுத்த ஆவணியில் நானே வந்து எண்ணுவேன். சைக்கிள் மிதிக்க இன்னும் தெம்பிருக்கிறது.