1801-இல் சிவகங்கைச் சீமை கைமாறியது செல்லாது என்று உயர் நீதிமன்ற மதுரைக் கிளை அறிவிக்க முடியுமா?

கச்சத்தீவை உதாரணம் காட்டி நீங்கள் கேட்டிருக்கும் இக்கேள்விக்கு, முடியாது என்பதே என் பதில். மருது சகோதரர்களோடு போர் நடந்துகொண்டிருந்தபோதே கும்பெனியார் (கிழக்கிந்தியக் கம்பெனியார்) படமாத்தூர் கௌரி வல்லப உடையத் தேவரைச் சிவகங்கைக்கு உரியவராக அமர்த்தியதும், அதே ஆண்டு அக்டோபர் 24 அன்று மருதிருவரைத் திருப்பத்தூரில் தூக்கிலிட்டதும் நியாயமா என்பது வேறு கேள்வி. நியாயமில்லை என்றே நானும் நினைக்கிறேன். ஆனால் அந்த நினைப்பைத் தீர்ப்பாக எழுதித் தரும் அதிகாரம், 2004 ஜூலை 24 அன்று தொடங்கப்பட்ட மதுரைக் கிளைக்கு மட்டுமல்ல, உச்ச நீதிமன்றத்துக்கும் கிடையாது. தேவகோட்டையில் உரிமையியல் வழக்குகள் நடத்திவரும் என்னிடம் இக்கேள்வியைப் பலர் கேட்டிருக்கிறார்கள்; கிளையின் எல்லைக்குள் சிவகங்கை மாவட்டம் இருப்பதால் சிவகங்கையின் வரலாறும் அந்த எல்லைக்குள் வந்துவிடும் என்று அவர்கள் எண்ணுகிறார்கள்.

இதில் மிகவும் பொருத்தமான முன்னுதாரணம் நம் பக்கத்துச் சீமையிலேயே இருக்கிறது. தஞ்சை மன்னர் சிவாஜி 1855-இல் ஆண் வாரிசு இல்லாமல் இறந்தவுடன், அரசுரிமை அற்றுப்போயிற்று என்று அறிவித்த கும்பெனி, அரண்மனையையும் அதிலிருந்த சொத்துக்களையும் கைப்பற்றிக்கொண்டது. மூத்த ராணி காமாட்சி பாய் சென்னையிலிருந்த அன்றைய சுப்ரீம் கோர்ட்டில் வழக்குத் தொடுத்தார். அங்கே வெற்றியும் பெற்றார். கும்பெனி, அன்றைய இறுதி மேல்முறையீட்டு மன்றமான லண்டன் பிரிவி கவுன்சிலுக்கு மேல்முறையீடு செய்ய, 1859-இல் அந்தத் தீர்ப்பு நீக்கப்பட்டது. ஒரு அரசு இன்னொரு அரசின் மீது தன் இறையாண்மை அதிகாரத்தால் செய்த செயல் இது. செயல் நேர்மையானதா இல்லையா என்று பார்ப்பது உள்நாட்டு நீதிமன்றத்தின் வேலையல்ல என்று சொல்லிவிட்டார்கள். ‘அரசுச் செயல்’ என்று நாங்கள் வழக்காடும் கோட்பாட்டுக்கு இந்த நாட்டில் இதுவே பெரிய அடித்தளம். பின்னால் 1862-இல் ராணிகளுக்குச் சொத்து திரும்பக் கிடைத்ததும்கூட அரசு மனம் மாறியதால்தானே தவிர, கோர்ட் உத்தரவால் அல்ல.

தஞ்சைத் தீர்ப்புக்கு நான்கே ஆண்டுகள் கழித்து, 1863-இல், அதே பிரிவி கவுன்சில் சிவகங்கை வழக்கைத் தீர்த்தது. உடையத் தேவர் 1829-இல் இறந்தபின் ஜமீன் அவருடைய அண்ணன் வழியினருக்கா, மகள் காத்தம நாச்சியாருக்கா என்று முப்பது ஆண்டுகளுக்கு மேல் இழுத்த வழக்கு அது. இந்து வாரிசுரிமை படித்த சட்ட மாணவர் எவரும் அதைத் தாண்டி வந்திருக்க முடியாது. தஞ்சையில் கைவைக்க மறுத்த நீதிபதிகள் இங்கே துணிந்து கைவைத்தார்கள் என்றால், சிவகங்கையில் கேட்கப்பட்டது ‘யார் அரசர்’ என்பதல்ல, ‘அரசு கொடுத்த சொத்து யாருக்கு’ என்பதுதான். நாச்சியார் வென்ற காரணத்தைக் கவனியுங்கள். பழைய வம்சம் அற்றுப்போனதால் சீமை கும்பெனியைச் சேர்ந்தது, கும்பெனி அதை உடையத் தேவருக்குப் புதிதாக வழங்கியது, ஆகவே அது அவருடைய சுயார்ச்சிதம் (முன்னோர் வழி வராமல் தானே அடைந்த சொத்து), ஆகவே மகளுக்குப் போகும் என்பது வாதம். அதாவது, நீங்கள் செல்லாது என்று அறிவிக்கக் கேட்கும் அந்த 1801-ஆம் ஆண்டுச் செயலையே அஸ்திவாரமாக வைத்துத்தான் அந்தத் தீர்ப்பு கட்டப்பட்டது. (கும்பெனியின் கொடை நாச்சியாருக்குக் கைகொடுத்ததை நினைத்தால் எனக்கு இன்றும் சிரிப்பு வரும்.)

சுதந்திரத்துக்குப் பிறகு நிலைமை மாறியிருக்க வேண்டாமா என்று கேட்கலாம். எங்கள் ஐயா, அதாவது அப்பச்சியின் (அப்பாவின்) தகப்பனார், விட்டுப்போன பெட்டகத்தில் சில நிலப்பத்திரங்கள் பிரிட்டிஷ் இந்திய முத்திரைத்தாளிலும் சில புதுக்கோட்டை சமஸ்தான முத்திரைத்தாளிலும் இருக்கின்றன. செட்டிநாட்டு ஊர்கள் இரண்டு ஆட்சிகளிலும் பரந்து கிடந்ததன் சாட்சி அது. அந்த சமஸ்தானம் 1948 மார்ச் 3 அன்று சென்னை மாகாணத்தோடு இணைக்கப்பட்டது. அந்த இணைப்பு ஒப்பந்தத்தைக் கிளறிப் பார்க்க எந்த நீதிமன்றத்துக்கும் வழியில்லாமல் அரசமைப்பின் 363-ஆம் பிரிவு கதவைச் சாத்திவிட்டது: சமஸ்தான மன்னர்கள் அரசமைப்புக்கு முன் இந்திய அரசோடு செய்துகொண்ட உடன்படிக்கைகளிலிருந்து எழும் தகராறுகளில் உச்ச நீதிமன்றமும் தலையிட முடியாது, 143-ஆம் பிரிவின்படி குடியரசுத் தலைவர் கருத்துக் கேட்டால் மட்டும் சொல்லலாம். பழைய மன்னர் தந்த உரிமை புதிய அரசைக் கட்டுப்படுத்துமா என்ற கேள்வியில் உச்ச நீதிமன்றம் 1954-இல் குடிமக்கள் பக்கம் சாய்ந்து, 1964-இல் ஏழு நீதிபதிகள் அமர்ந்து, புதிய அரசு ஏற்றுக்கொண்ட அளவுக்குத்தான் அந்த உரிமை உயிரோடிருக்கும் என்று பெரும்பான்மையாகத் திருத்திக்கொண்டது. எனக்கு 1954-ஆம் ஆண்டுத் தீர்ப்பே பிடிக்கும். ஆனால் என் கட்சிக்காரருக்கு நான் பிந்தையதைத்தான் சொல்லியாக வேண்டும்.

நீதிமன்றம் ஒரு இறையாண்மையின் கீழ் பிறப்பது. தன்னைப் பெற்ற அரசுக்கு இந்த மண்ணின் மீது உரிமை உண்டா என்று அது கேட்கத் தொடங்கினால், தான் உட்கார்ந்திருக்கும் நாற்காலியின் உரிமையையும் சேர்த்தே கேட்க வேண்டிவரும். நீங்கள் உயர் நீதிமன்றத்தில் அரசமைப்பின் 226-ஆம் பிரிவின் கீழ் ரிட் மனுப் போட்டாலும், 200 ஆண்டுத் தாமதம், காலவரையறைச் சட்டம் ஆகியவற்றுக்கெல்லாம் முன்பாகவே, மனு ஏற்கத்தக்கதா என்ற இடத்தில் அது நின்றுவிடும்.

கச்சத்தீவை உதாரணம் காட்டியிருக்கிறீர்கள். அது சற்று வேறு. ராமநாதபுரம் சமஸ்தானத்துக்கு அத்தீவு சொந்தமாக இருந்ததா என்பது வரலாற்றுக் கேள்வி; ஆனால் 1974 ஒப்பந்தம் அரசமைப்புக்குப் பிந்தையது. ஆகவே நாட்டின் நிலப்பகுதியை அரசு விட்டுக்கொடுத்ததா, விட்டுக்கொடுத்ததென்றால் அரசமைப்புத் திருத்தம் தேவைப்பட்டதா என்று நம் நீதிமன்றத்தில் கேட்கலாம். பெருபாரி என்ற பகுதியைப் பாகிஸ்தானுக்கு விட்டுக்கொடுக்கும் விவகாரத்தில் 1960-இல், தேவை என்றார்கள். பாகிஸ்தானுடனான கட்ச் எல்லைத் தகராறில் தீர்ப்பாயம் சொன்ன முடிவைப் பற்றிய வழக்கில், அது எல்லையை வரையறுப்பதுதான், திருத்தம் தேவையில்லை என்றார்கள். தீவு யாருக்கு என்று இலங்கையைக் கட்டுப்படுத்தும்படி சொல்ல எந்த இந்திய நீதிமன்றத்துக்கும் முடியாது. சர்வதேச நீதிமன்றத்துக்கு இரு நாடுகளின் சம்மதமும் வேண்டும்; காமன்வெல்த் நாடுகளுடனான தகராறுகளை இந்தியாவே தன் சம்மதத்திலிருந்து விலக்கி வைத்திருக்கிறது. நம்மவர்கள் கொண்டுவிக்க, அதாவது வெளிநாட்டில் தொழில் செய்ய, போன பர்மாவில் 1948 நிலத் தேசியமயச் சட்டத்தால் போன வயல்களைப் பற்றிக் கேட்பவர்களுக்கும் ஏறக்குறைய இதே பதில்தான்: அயல்நாடு தன் மண்ணில் செய்த செயலை நம் கோர்ட் விசாரிக்காது.

இவ்வளவு சொன்னபின், வரலாறே நீதிமன்றத்துக்குள் வராது என்று எண்ணிவிட வேண்டாம். கோயிலில் முதல் மரியாதை யாருக்கு என்ற தகராறு அறநிலையத்துறைச் சட்டத்தின் 63-ஆம் பிரிவில் இணை ஆணையர் முன்பு போகிறது. அங்கே பழைய சீமை அரசர் கொடுத்த செப்புப் பட்டயம் சான்றாக ஏற்கப்படலாம். ஊருணி, மடம், கட்டளை நிலம் (கோயில் பூசை போன்றவற்றுக்காக விடப்பட்ட நிலம்) ஆகியவற்றைப் பற்றிய உரிமையியல் வழக்குகளிலும் அப்படியே. அங்கெல்லாம் பட்டயம் கொடுத்தவரின் இறையாண்மையை யாரும் விசாரிப்பதில்லை. இன்று யாருக்கு என்ன உரிமை என்பதற்கு அது ஒரு சாட்சி, அவ்வளவே. உங்கள் குடும்பத்தில் அப்படி ஒரு பட்டயமோ இனாம் (மானிய நிலம்) பதிவேட்டு நகலோ இருந்தால், அதில் குறித்துள்ள நிலம் 1948 ஜமீன் ஒழிப்புச் சட்டத்தின் கீழ் அரசுக்குப் போய்விட்டதா, போகவில்லையென்றால் இன்றைய சர்வே எண் என்ன என்று முதலில் தாலுகா அலுவலகத்தில் பார்த்துவிட்டு வாருங்கள்.