எஸ்பெராண்டோவில் 'பையன் நாயைப் பார்க்கிறான்' என்று எப்படிச் சொல்வது? இலக்கணத்தையும் விளக்க முடியுமா?

'லா க்நாபோ வீடாஸ் லா ஹுண்டோன்.'

எஸ்பெராண்டோ என்பது கண் மருத்துவர் ஸாமென்ஹோஃப் 1887-இல் வார்சாவில் வெளியிட்ட மொழி. பல நாட்டாரும் சுலபமாகக் கற்க வேண்டும் என்பதற்காகவே விதிவிலக்கில்லாமல் அமைத்தார். பெயர்ச்சொல் எல்லாம் 'ஓ'வில் முடியும்: க்நாபோ பையன், ஹுண்டோ நாய். 'லா' என்பது 'அந்த' மாதிரி, குறிப்பிட்ட ஒன்றைச் சுட்டும். வினையில் 'ஆஸ்' நிகழ்காலம். வீடிஸ் என்றால் பார்த்தான், வீடோஸ் என்றால் பார்ப்பான்.

எனக்கு மிகவும் பிடித்தது ஹுண்டோன் கடைசியில் வரும் அந்த 'ன்'. அது நம் 'ஐ' உருபேதான். 'லா ஹுண்டோன் வீடாஸ் லா க்நாபோ' என்று புரட்டினாலும் பார்ப்பது பையன்தான். பெயர் ஒட்டிய டப்பாவை அலமாரியில் எங்கே வைத்தாலும் உள்ளே உளுந்தா பயறா என்று தெரிவதுபோல. ஆங்கில வாக்கிய வரிசையில் பழகியவர்கள் இந்த 'ன்'னை அடிக்கடி விட்டுவிடுவார்கள். தமிழ் பேசுகிறவருக்கு இது பிறந்த வீட்டுப் பழக்கம்.

உருவாக்கிய மொழிதானே, சொல்லுக்குச் சொல் மாற்றினால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படிப் போனால் பார்க்கிறான், பார்க்கிறாள், பார்க்கிறார்கள் மூன்றுக்கும் மூன்று சொல் தேடுவீர்கள், அங்கே இருப்பதோ வீடாஸ் ஒன்றுதான்.