அமைதிப்படையை அனுப்பியது எப்படி? 10 ரூபாய் மனுவில் கேட்க வேண்டியது

கேள்வி: 1987-ல் இலங்கைக்கு அமைதிப்படையை அனுப்ப மத்திய அரசு எப்படி முடிவெடுத்தது என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்க நினைக்கிறேன். வழக்கு ஏதும் வருமா? 'இருபது வருஷம் தாண்டியாச்சு, முழு ஃபைலும் வாங்கித் தருகிறேன்' என்று ஒருவர் 5,000 ரூபாய் கேட்கிறார். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். கட்டணம் 10 ரூபாய்தான். ஆர்டிஐ (தகவல் உரிமை) ஆன்லைன் தளத்தில் நீங்களே கட்டலாம், தபால் என்றால் போஸ்டல் ஆர்டர். மனு போட்டதற்காக வழக்கு வராது. எதற்குக் கேட்கிறீர்கள் என்று விசாரிக்கவே அந்தச் சட்டத்தின் 6(2) பிரிவு அதிகாரிகளை விடாது.

அந்த 'இருபது வருஷம்' பாதி உண்மை. அதை வைத்துத்தான் இந்தத் தரகர்கள் பிழைக்கிறார்கள். இருபது வருஷம் தாண்டிய விவரங்களைத் தரச்சொல்லும் 8(3) பிரிவிலேயே, நாட்டின் பாதுகாப்பும் அமைச்சரவைக் குறிப்புகளும் விதிவிலக்காக நிற்கின்றன.

இதில் அமைச்சரவை விலக்கை, அதாவது 8(1)(ஐ)-யை, கடைசி வரி வரை படியுங்கள். முடிவு எடுத்து, விவகாரமும் முடிந்துவிட்டால் அந்த முடிவு, அதற்கான காரணம், அடிப்படை ஆவணம் மூன்றையும் வெளியிட வேண்டும் என்று அதிலேயே இருக்கிறது. அமைதிப்படையின் கடைசி அணி 1990 மார்ச்சில் கப்பலேறிவிட்டது. இதற்கு மேல் ஒரு விவகாரம் எப்படி முடியுமாம்? ஆனால் வேறு விலக்கில் வரும் ஆவணத்துக்கு இந்தச் சலுகை கிடையாது. எனவே அதிகாரி 'ஐ'-யை விட்டுவிட்டு, பாதுகாப்பைச் சொல்லும் 8(1)(ஏ)-வைப் பிடித்துக்கொள்வார். 1962 இந்திய-சீனப் போர் பற்றிய ஹெண்டர்சன் புரூக்ஸ் அறிக்கையை 2010-ல் மத்திய தகவல் ஆணையமே அப்படித்தான் மறுத்தது, போர் முடிந்து 48 வருஷம் கழித்து!

அதனால் 'ஏன் அனுப்பினீர்கள்?' என்று எழுதாதீர்கள். பெரும்பாலான மனுக்கள் அந்த ஒரு சொல்லில்தான் சாகின்றன. பதிவில் இருப்பதைத் தருவதுதான் அதிகாரியின் கடமை. விளக்கம் சொல்வது அல்ல. இப்படி எழுதுங்கள்: '29.7.1987 இந்திய-இலங்கை ஒப்பந்தம், அமைதிப்படை அனுப்பியது ஆகியவை தொடர்பாக 1.6.1987 முதல் 31.10.1987 வரை உங்களிடம் உள்ள கோப்புகளின் எண், தலைப்பு. அவற்றில் தேசிய ஆவணக் காப்பகத்துக்கு அனுப்பியவை எவை, அழித்தவை எவை.' வெறும் பட்டியலைத் தர மறுக்கப் பாதுகாப்பைக் காரணம் காட்டுவது கஷ்டம். கோப்பு எண் கைக்கு வந்தபின் இரண்டாவது மனுவில் அந்தக் கோப்பையே கேளுங்கள். முழுவதும் தர முடியாவிட்டால் 10-வது பிரிவின்படி தரக்கூடிய பகுதியைப் பிரித்துத் தரும்படியும் சேர்த்து எழுதுங்கள். போர் ஆவணங்களைச் சாதாரணமாக 25 வருஷத்தில் ரகசியப் பட்டியலிலிருந்து எடுக்க வேண்டும் என்று பாதுகாப்பு அமைச்சகமே 2021-ல் கொள்கை வகுத்திருக்கிறது. அதையும் ஒரு வரி குறிப்பிடுங்கள்.

பாதுகாப்பு அமைச்சகம், வெளியுறவு அமைச்சகம், அமைச்சரவைச் செயலகம் மூன்றுக்கும் தனித்தனி மனு போடுங்கள். ஒன்றை மட்டும் போட்டால் 'எங்களுடையது இல்லை' என்று பந்தாடுவார்கள். ஒவ்வொரு மனுவும் 500 சொல்லுக்குள் இருக்கட்டும்.

30 நாளில் பதில் வராவிட்டாலோ, மறுத்தாலோ அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு, கட்டணம் இல்லை. அதற்குப் பின் 90 நாளுக்குள் தகவல் ஆணையத்தில் இரண்டாவது மேல்முறையீடு. வக்கீல் தேவையில்லை. விசாரணை தேதிக்குத்தான் மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டிவரும்; உங்களுக்கு நாள் கணக்கு வைத்த சட்டம், இரண்டாவது மேல்முறையீட்டை முடிக்க ஆணையத்துக்கு ஒரு கெடுவும் வைக்கவில்லை.