இன்ஜின் ஓடியதா?

கேள்வி: எனக்கு 38 வயது. ஒரு நிதி நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் 14 வருடமாக இருக்கிறேன். வீட்டுக்கடன் இன்னும் ஆறு வருடம் பாக்கி. 'உன் பேஷனைத் தேடு, பிடிக்காததைச் செய்யாதே' என்கின்றன பார்க்கிற வீடியோ எல்லாம். இந்த ஊரோடும் ஒட்டவில்லை. வேலையை விட்டுவிட்டுப் புதுச்சேரியில் ஓர் அறை எடுத்துச் சுதந்திரமாக இருந்தால் நிறைவு கிடைக்குமா? (பி.கு: கடிதம் இரண்டு நாள் தாமதம். கடலூர் முதுநகர் துறைமுகத்தில் கூடப் படித்தவனின் படகு இன்ஜினைப் பிரித்து உட்கார்ந்துவிட்டேன்.)
- பெயர் வேண்டாம் என்ற வாசகர், திருப்பாதிரிப்புலியூர்

பதில்: உங்கள் கடிதம் மூன்று பக்கம், இங்கே சுருக்கித்தான் போட்டிருக்கிறோம். 'சுதந்திரம்' 11 இடத்தில் வருகிறது. எண்ணினேன், பத்திரிகைக்காரனின் கெட்ட பழக்கம். ஆனால் புதுச்சேரியில் அறை எடுத்து, காலையில் காபி குடித்துவிட்டு, அப்புறம் என்ன செய்யப் போகிறீர்கள் என்பது ஓர் இடத்திலும் இல்லை. தினமும் கடலூரிலிருந்து அங்கே பஸ் ஏறி வேலைக்குப் போய் வருகிறவர்கள் உங்கள் தெருவிலேயே இருப்பார்கள். அந்த ஊரில் திங்கட்கிழமை வருகிறதா என்று அவர்களைக் கேளுங்கள்.

புதுச்சேரி என்றால் சுதந்திரம் என்று நமக்குத் தோன்றப் பாரதியும் ஒரு காரணம். 1908-ல் கைதுக்குத் தப்பி அங்கே போனார். அப்போது அது பிரெஞ்சுக்காரர் ஊர், ஆங்கிலேயரால் பிடிக்க முடியாது, சரி. ஆனால் எல்லையைத் தாண்டவும் முடியாது. தெருவில் உளவாளிகள். வருகிற கடிதம் கைக்குச் சேருமா என்பது நிச்சயமில்லை. 'இந்தியா' பத்திரிகையைப் பிரிட்டிஷ் எல்லைக்குள் வரவிடாமல் தடுத்தார்கள். அந்தப் பத்து வருட நெருக்கடிக்குள்தான் பாஞ்சாலி சபதமும் கண்ணன் பாட்டும் குயில் பாட்டும் பிறந்தன. ஊர் அவருக்குக் கொடுத்தது கொஞ்சம்தான். கையில் எழுத இருந்தது. கடைசியில் அந்த ஊரும் பொறுக்காமல் 1918 நவம்பரில் வெளியே வந்தார். எல்லை தாண்டியதும் கைது. டிசம்பர் 14 வரை உங்கள் கடலூரில்தான் சிறை. நீங்கள் போக நினைக்கிற சாலையில் அவர் எதிரே வந்தவர்.

பாரதி வழி எல்லோருக்கும் ஆகாது என்பீர்கள். ஆகாதுதான். அதே ஊரில் பாரதிதாசன் இருந்தாரே! 1909-ல் அரசுப் பள்ளியில் தமிழ் வாத்தியார், 1946-ல் ஓய்வு. பாட்டு எழுத வேண்டுமானால் முதலில் வேலையை விடு என்று அவருக்கு யாரும் வீடியோ போடவில்லை.

ஊரோடு ஒட்டவில்லை என்கிறீர்களே, அதை மட்டும் நான் கேலி செய்ய மாட்டேன். 1962 ஆகஸ்ட் 16-ல் புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு இணைந்தபோது, பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டுமா என்று முடிவு செய்ய அங்கிருந்தவர்களுக்கு ஆறு மாதம் கொடுத்தார்கள். பிரான்ஸ் பாஸ்போர்ட் வைத்திருக்கிற குடும்பங்கள் இன்றும் அங்கே உண்டு. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர்களைச் 'சொல்தா' என்பார்கள். பிரான்ஸ் அதிபர் தேர்தலுக்குப் புதுச்சேரியிலேயே ஓட்டுப் போட்டுவிட்டு வந்து, வாசலில் மீன்காரம்மாவிடம் சங்கராவுக்குத் தமிழில் பேரம் பேசுவார்கள். பாஸ்போர்ட் என்ன சொன்னாலும் மீன்காரம்மாவுக்கு அவர் இந்தத் தெருக்காரர். உங்களை அப்படி யார் அடையாளம் வைத்திருக்கிறார்கள்? ஒன்று வந்ததென்றால் யார் தேடி வருகிறார்கள்?

முதுநகரிலிருந்து ஒருவர் வந்திருக்கிறாரே.

மூன்று பக்கமும் பேனாவை அழுத்தி அழுத்தி எழுதியிருக்கிறீர்கள். பின்குறிப்பில் மட்டும் கை தானாக ஓடியிருக்கிறது. டீசல் லைனில் காற்று ஏறியது, நாசிலைக் கழற்றிச் சுத்தம் செய்தது, மத்தியானச் சாப்பாட்டை மறந்தது என்று எட்டு வரி எழுதிவிட்டு, 'இதெல்லாம் எதற்கு' என்று அடித்தும் விட்டீர்கள். அடித்ததையும் படித்துவிட்டேன், மன்னிக்கவும்.

வேலையை விடச் சொல்ல மாட்டேன். ஆறு வருடக் கடன் பாக்கி உள்ளவரிடம் அதைச் சொல்லும் தைரியம் வீடியோக்காரர்களுக்குத்தான் உண்டு; தவணை கட்டப் போவது அவர்கள் இல்லையே. ஞாயிற்றுக்கிழமை உங்களுடையதுதான்.

ஒன்று கேட்க வேண்டும். அந்த இன்ஜின் கடைசியில் ஓடியதா இல்லையா என்று எழுதாமலே விட்டுவிட்டீர்கள். அதை மட்டும் ஒரு கார்டில் எழுதிப் போடுங்கள்.