யாருக்குச் சொல்கிறோம்?

வணக்கம் அக்கா,

எட்மன்டனுக்கு வந்து இரண்டு வருடம் ஆகிறது. கிடங்கில் இரவுப் பணி. காதில் எதையாவது மாட்டிக்கொண்டால்தான் நேரம் ஓடும். கேட்பதெல்லாம் அமெரிக்க பாட்காஸ்டுகள், இல்லையென்றால் கனடாவின் பொது ஒலிபரப்பு நிறுவனமான சி.பி.சி. பெரிய நிறுவனம் எதுவும் பின்னால் இல்லாமல் கனடாவில் யாராவது இதைச் செய்கிறார்களா? நண்பர் சொன்னாரே என்று இங்குள்ள பல்கலைக்கழக வானொலியை ஒரு நாள் வைத்தேன். பேசியவர் திணறினார். இரண்டு பாட்டுக்கு நடுவே சத்தமே இல்லை. இவ்வளவு நேர்த்தியான பாட்காஸ்டுகள் இருக்கும்போது இதை எதற்குக் கேட்க வேண்டும்? நானும் இரண்டு நண்பர்களும் தமிழில் ஏதாவது தொடங்கலாமா என்றும் யோசிக்கிறோம். ஆனால் யார் கேட்பார்கள்?

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள தம்பிக்கு,

உங்கள் கடைசிக் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன். யார் கேட்பார்கள் என்பதற்கு முன்னால் யாருக்குச் சொல்கிறோம் என்று கேட்டுக்கொள்ள வேண்டும். இதை எனக்குப் புரியவைத்தது கிங்ஸ்டன் நகரத்து வானொலி ஒன்று.

ரொறன்ரோவுக்கும் மொன்றியலுக்கும் நடுவே, ஒன்ராறியோ ஏரிக்கரையில் இருக்கிற ஊர் கிங்ஸ்டன். குயின்ஸ் பல்கலைக்கழகம் அங்கேதான். மத்திய அரசின் சிறைகள் பலவும் அந்த ஊரிலும் அதைச் சுற்றியும்தான். அவற்றில் பழையது 1835-இல் திறந்து 2013-இல் மூடப்பட்டது. பல்கலைக்கழகத்தின் வானொலியான சி.எஃப்.ஆர்.சி.யும் பழையதுதான், 1922-இல் முதல் ஒலிபரப்பைச் செய்தது. மாணவர்களும் ஊர்க்காரர்களும் சேர்ந்து நடத்துகிறார்கள். தங்கள் அலை சிறைச் சுவர்களுக்கு உள்ளேயும் போகிறது என்பதை அவர்கள் பெரிதாக எடுத்துக்கொண்டார்கள். கைதிகளுக்கென்றே நிகழ்ச்சிகள் செய்தார்கள். அதில் ஒன்றுக்கு 'வீட்டிலிருந்து அழைப்புகள்' என்ற பொருளில் பெயர். வெளியே இருக்கிற அம்மா, மனைவி, பிள்ளை, நண்பர் யாரானாலும் தொலைபேசியில் கூப்பிட்டு ஒரு செய்தியைப் பதிவு செய்யலாம், ஒரு பாட்டும் கேட்கலாம். நிலையம் அவற்றைத் தொகுத்து ஒலிபரப்பும். கைதிகள் கடிதம் எழுதிப் பாட்டுக் கேட்பார்கள்.

யோசித்துப் பாருங்கள். மத்திய சிறைக்குள் இணையம் கிடையாது. உலகத்தின் மிகச் சிறந்த பாட்காஸ்ட் கூட அந்த அறைக்குள் போகாது. ஒரு சின்ன எஃப்.எம். அலை போகிறது. அதில் ஒரு குழந்தை அப்பாவுக்குப் பிறந்தநாள் வாழ்த்துச் சொன்னால், அந்தச் செய்திக்கு உரிய நேயர் ஒருவர்தான். அந்த ஒருவருக்காக ஒரு நிலையம் இயங்கியது என்றால் அது வீண் வேலை என்று என்னால் சொல்ல முடியாது. அங்கே யாராவது திணறிப் பேசியிருந்தால் அதையா கவனித்திருப்பார்கள்?

நேர்த்தி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நானும் நல்ல ஒலியை விரும்புகிறவள்தான். ஆனால் நீங்கள் கேட்ட அந்த எட்மன்டன் நிலையம் (88.5-இல் வருகிற சி.ஜே.எஸ்.ஆர். என்று நினைக்கிறேன்) பெரும்பாலும் தன்னார்வலர்களால் நடப்பது. திணறியவர் பகலில் வேறு வேலை பார்த்துவிட்டு வந்தவராக இருக்கலாம், அன்று முதல் தடவை மைக் முன்னால் உட்கார்ந்த மாணவியாகவும் இருக்கலாம். இப்படிப்பட்டவர்களுக்கு இடம் கொடுப்பதுதான் பல்கலைக்கழக வளாக வானொலியின் வேலை. வானொலிகளுக்கு உரிமம் தருகிற மத்திய அமைப்பான சி.ஆர்.டி.சி.யின் கொள்கையிலேயே அது இருக்கிறது. சமூகத்தில் இருப்பவர்களைச் சேர்த்துக்கொள்ள வேண்டும், அவர்களுக்குப் பயிற்சி தர வேண்டும், பாட்டு மட்டுமே போடாமல் உள்ளூர்ப் பேச்சுக்கும் நேரம் ஒதுக்க வேண்டும்.

பணம் எங்கிருந்து வருகிறது என்றும் தெரிந்துகொள்ளுங்கள். மாணவர்கள் கட்டுகிற சிறு கட்டணம், ஆண்டுக்கொரு முறை நடக்கிற நிதி திரட்டும் வாரம், கொஞ்சம் மானியம், அவ்வளவுதான். 2019-இல் ஒன்ராறியோ அரசு அந்தக் கட்டணத்தை விருப்பமுள்ளவர் கட்டினால் போதும் என்று ஆக்கியபோது இங்கே பல நிலையங்கள் ஆடிப்போயின. நவம்பரில் நீதிமன்றம் அந்த உத்தரவை ரத்து செய்தது. எல்லாரும் தப்பிப்பதில்லை. ரொறன்ரோவில் சி.கே.எல்.என். என்ற வளாக வானொலி பல வருடம் நன்றாக ஓடியது. நிர்வாகத்தில் இருந்தவர்கள் தங்களுக்குள் சண்டை போட்டார்கள், 2011-இல் உரிமம் பறிபோனது. வெளியிலிருந்து யாரும் அழிக்க வேண்டியிருக்கவில்லை. எனக்கு அது இன்றும் வருத்தம்தான்.

அதற்கு நேர்மாறான கதை உங்கள் ஊரிலேயே இருக்கிறது. சி.கே.யு.ஏ. என்ற வானொலியை 1927-இல் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகம் தொடங்கியது. அது வளாக வானொலி என்ற கட்டத்தைத் தாண்டி இப்போது மாகாணம் முழுக்கக் கேட்கிறது. அரசின் ஆதரவு குறைந்துகொண்டே வந்து, 1997 மார்ச்சில் ஒரு நாள் ஒலிபரப்பு நின்றுபோனது. நேயர்கள் கூட்டம் போட்டார்கள், பணம் சேர்த்தார்கள், நிர்வாகத்தை மாற்ற வைத்தார்கள். ஐந்து வாரம் கழித்து வானொலி மறுபடி பேசியது. இன்றும் அது பெருமளவு நேயர்களின் நன்கொடையில்தான் ஓடுகிறது. கிடங்கில் பாட்டு வேண்டிய இரவுகளில் அதை வைத்துப் பாருங்கள்.

சரி, பாட்காஸ்டுக்கு வருகிறேன். நிறையவே இருக்கின்றன, இரண்டு மூன்றை மட்டும் சொல்கிறேன். கனடாலாண்ட் 2013-இல் ஜெஸ்ஸி பிரவுன் தொடங்கியது. இந்த நாட்டுப் பத்திரிகைகளையும் தொலைக்காட்சிகளையும் கேள்வி கேட்கிற நிகழ்ச்சியாகத்தான் ஆரம்பித்தது, மாதாமாதம் பணம் கட்டுகிற நேயர்கள் அதைத் தாங்கினார்கள். 2018-இல் அவர்கள் வெளியிட்ட 'தண்டர் பே' என்ற தொடரை நீங்கள் கட்டாயம் கேட்க வேண்டும். ஒன்ராறியோவின் வடமேற்கில் சாலையே இல்லாத, விமானத்தில் மட்டும் போகக்கூடிய பூர்வகுடிக் கிராமங்கள் இருக்கின்றன. அங்கே உயர்நிலைப் பள்ளி இல்லை என்பதால் பிள்ளைகள் தனியாகத் தண்டர் பே நகரத்துக்குப் படிக்க வருவார்கள். 2000-க்கும் 2011-க்கும் இடையில் அப்படி வந்தவர்களில் ஏழு பேர் இறந்தார்கள், ஐந்து பேரின் உடல்கள் ஆற்றிலும் நீர்வழிகளிலும் கிடைத்தன. ரயன் மக்மகன் என்ற, அனிஷினாபே பூர்வகுடியைச் சேர்ந்த நகைச்சுவைக் கலைஞர் அந்த நகரத்துக்குப் போய், இது ஏன் இப்படி நடக்கிறது என்று கேட்கிறார். என்னால் ஒரே மூச்சில் கேட்க முடியவில்லை, நடுவில் நிறுத்திவிட்டு நடக்கப் போனேன்.

அதைக் கேட்ட பிறகு எனக்கு வாவட்டே நினைவுக்கு வந்தது. அதே வடக்குக் கிராமங்களுக்காக, அந்த மக்களே 1974-இல் ஆரம்பித்த ஊடகம் அது. சூ லுக்அவுட் என்ற ஊரில் தலைமையகம். வாவட்டே என்றால் வடதுருவ ஒளி. கிரீ, ஓஜிப்வே, ஓஜி-கிரீ மொழிகளில் பேசுகிற வானொலி. மக்மகனின் தொடர் அந்தப் பிள்ளைகளைப் பற்றி வெளியே இருக்கிற நமக்குச் சொல்கிறது. வாவட்டே அந்தப் பிள்ளைகளின் பாட்டிகளிடம் அவர்களுடைய மொழியில் பேசுகிறது. இரண்டும் வேண்டும். ஆனால் முதல் வகைக்குத்தான் விருதும் புகழும் கிடைக்கிறது, இரண்டாவதைப் பற்றி வெளியே ஒருவருக்கும் தெரியாது. பல பூர்வகுடிக் கிராமங்களில் வானொலி நிலையம் பிங்கோ விளையாட்டில்தான் பிழைக்கிறது. சீட்டைக் கடையில் வாங்கிக்கொண்டு வீட்டில் உட்கார்ந்திருப்பார்கள், எண்களை வானொலியில் படிப்பார்கள், ஜெயித்தவர் நிலையத்துக்குப் போன் போடுவார். அந்தக் காசில் ஒரு மொழி காற்றில் உயிரோடு இருக்கிறது.

2014-இல் ஆரம்பித்த 'மேட்டீஸ் இன் ஸ்பேஸ்' என்ற பாட்காஸ்ட் முற்றிலும் வேறு மாதிரி. மாலி ஸ்வைன், செல்சி வவல் என்ற இரண்டு மேட்டீஸ் (பூர்வகுடிகளும் ஐரோப்பியர்களும் கலந்து உருவான ஒரு பூர்வகுடி இனம்) பெண்கள் ஒயின் குடித்துக்கொண்டு, பூர்வகுடிகள் வருகிற அறிவியல் புனைகதைப் படங்களைப் பிரித்துப் போடுவார்கள். விழுந்து விழுந்து சிரிக்கலாம், கோபமும் வரும். தங்கள் ஆட்களுக்காகவே பேசுகிறார்கள், எங்களைப் போன்றவர்கள் பக்கத்து மேசையில் இருந்து கேட்கலாம். அப்படிக் கேட்டுத்தான் நான் இந்த நாட்டைப் பற்றி நிறையக் கற்றேன்.

இதெல்லாம் எனக்கு ஏன் இவ்வளவு முக்கியம் என்று கேட்பீர்கள். தொண்ணூறுகளில் ரொறன்ரோவில் தமிழ் வானொலி கேட்கத் தனிப் பெட்டி வேண்டும். ஏதோ ஒரு எஃப்.எம். நிலையத்தின் அலைக்குள்ளேயே துணை அலையாக அது வரும், சாதாரண ரேடியோவில் பிடிக்காது. எங்கள் வீட்டுச் சமையலறையில் அந்தப் பெட்டி நாள் முழுக்க ஓடும். 'பிறப்பிடமாகவும்', 'வதிவிடமாகவும்' என்று மரண அறிவித்தல் ஆரம்பித்ததும் அம்மா குழாயை மூடிவிட்டு, கையைத் துடைக்காமல் நிற்பா. ஊரில் போர். பிறப்பிடம் என்று வரும் ஊர்ப் பெயர் எங்கள் ஊராக இருந்தால் அடுத்த நிமிடம் தொலைபேசி அடிக்கத் தொடங்கும். அந்த அறிவிப்பாளர்களின் குரல் நேர்த்தியாக இருந்ததா என்று எனக்கு இப்போது நினைவில்லை.

ஆகவே தொடங்குங்கள். முதலில் வளாக வானொலிக்குப் போய் தன்னார்வலராகச் சேருங்கள். ஒலிப்பதிவு, வெட்டி ஒட்டுதல், மைக் முன்னால் மூச்சு விடுவது எல்லாம் சொல்லித் தருவார்கள், காசு கேட்க மாட்டார்கள். அங்கே உங்களுக்கு நேரம் கிடைத்தால் வானொலியிலும் போடுங்கள், அதையே பாட்காஸ்டாகவும் ஏற்றுங்கள். எங்கோ இருக்கிற தமிழர் எல்லாரையும் மனதில் வைத்துப் பேச வேண்டாம். உங்கள் கிடங்கில் அதிகாலை மூன்று மணிக்குத் தேநீர் குடிக்க உட்காருகிறவர்களில் தமிழ் தெரிந்தவர் எத்தனை பேர்? நாலு பேரா? அந்த நாலு பேருக்கு என்ன தெரிய வேண்டியிருக்கிறது, எதைக் கேட்டால் சிரிப்பார்கள் என்பது உங்களுக்குத் தெரியும், எனக்குத் தெரியாது.

முதல் எபிசோட் வந்ததும் சுட்டி அனுப்புங்கள். சத்தம் சரியில்லை என்று ஒரு மாதம் தள்ளிப் போடாதீர்கள்.

அன்புடன்,
அக்கா