‘டார்சல்’ புரதம் எங்கும் ஒரே அளவில் இருந்தால், பழ ஈயின் கருவில் வயிறும் முதுகும் எப்படிப் பிரிகின்றன?

புரதம் எவ்வளவு இருக்கிறது என்பதல்ல, அது உட்கருவுக்குள் நுழைகிறதா என்பதுதான் கணக்கு. பழ ஈயின் கருவில் 1989-இலேயே இது காட்டப்பட்டுவிட்டது.

தாய் தந்த ஆர்.என்.ஏ.விலிருந்து உருவாகும் ‘டார்சல்’ புரதம் முட்டை முழுக்கச் சீராகப் பரவியிருக்கும். ‘காக்டஸ்’ என்ற இன்னொரு புரதம் அதைப் பிடித்து உட்கருவுக்கு வெளியே உள்ள சைட்டோபிளாசத்திலேயே நிறுத்திவைக்கிறது. வயிற்றுப் பக்கத்தில் மட்டும், வெளிச் சமிக்ஞையை வாங்கும் ‘டோல்’ என்ற ஏற்பிப் புரதம் தூண்டப்படுவதால் அங்கே காக்டஸ் சிதைகிறது. விடுபட்ட டார்சலை இம்போர்ட்டின்கள் என்ற சுமைதூக்கிப் புரதங்கள் உட்கருத் துளை வழியே உள்ளே கொண்டுபோகின்றன, உள்ளே ரான்-ஜி.டி.பி. என்ற சிறு புரதம் சுமையை இறக்கிவிடுகிறது.

உட்கருவில் டார்சல் நிறைய இருந்தால் ட்விஸ்ட், ஸ்னெயில் மரபணுக்கள் இயங்கும். அந்தச் செல்கள் பின்னால் தசையாகும். பக்கவாட்டில் அளவு குறைவு. அங்கே நரம்புத் திசுவுக்கான பகுதி. முதுகில் டார்சல் நுழைவதே இல்லை, அதனால் அது அடக்கிவைக்கும், முதுகுப் பகுதியை உருவாக்கும் டி.பி.பி. மரபணு அங்கே தடையின்றி இயங்குகிறது. தாயிடம் டார்சல் மரபணு செயலிழந்தால் கரு முழுக்க முதுகுத் தோல்தான். காக்டஸ் செயலிழந்தால் வயிற்றுத் தன்மை முதுகை நோக்கிப் பரவும்.

ஆய்வகத்தில் பலர் சறுக்கும் இடம்: கருக்களை அரைத்து, புரதத்தின் அளவைக் காட்டும் வெஸ்டர்ன் பிளாட் சோதனையில் மொத்த டார்சலை அளப்பது. அரைத்ததும் இடவேறுபாடு போய்விடும். 25 டிகிரி செல்சியஸில் 2 முதல் 3 மணி நேரம் வளர்ந்த முழுக்கருக்களை நிலைப்படுத்தி, டார்சல் எதிர்ப்பொருளால் சாயமேற்றுங்கள். கூடவே டி.என்.ஏ. சாயமும் அவசியம். உட்கருக்கள் பிரியும் தறுவாயில் டார்சல் வெளியே சிதறிவிடும். அந்தக் கருவை மட்டும் பார்த்தால் சாயமேற்றலே தோல்வி என்று தோன்றும்.