பதினான்காம் பக்கம்

அன்புள்ள சார்,

நான் ஒரு விளம்பர நிறுவனத்தில் வடிவமைப்பாளராக இருக்கிறேன். மூன்று வருடமாக ஓய்வு நேரத்தில் குழந்தைகளுக்கான படக்கதை ஒன்றை எழுதி வரைந்துகொண்டிருக்கிறேன். 32 பக்கம். ஒரு சிறுமியின் பூனை காணாமல் போகிறது, அவள் தேடிப் போகிறாள், அவ்வளவுதான் கதை. இப்போது கையில் இருப்பது பத்தொன்பதாவது வடிவம்.

ஜேம்ஸ் டைசன் என்ற பிரிட்டிஷ் கண்டுபிடிப்பாளர் தன் வேக்குவம் கிளீனருக்கு 5,127 மாதிரிகள் செய்தார் என்று ஒரு பயிற்சி வகுப்பில் சொன்னார்கள். அன்றிலிருந்து பத்தொன்பது என்பதே வெட்கப்பட வேண்டிய எண்ணாகத் தோன்றியது. ஆனால் போன வாரம் அலமாரியைச் சுத்தம் செய்தபோது, முதன்முதலில் பென்சிலில் போட்ட டம்மி, அதாவது மாதிரிப் புத்தகம், கிடைத்தது. அதில் அந்தச் சிறுமி ஓடுகிறாள். பத்தொன்பதாவதில் ஓடுவதுபோல நிற்கிறாள். திருத்தத் திருத்த நன்றாக வரும் என்பது பொய்யா? எத்தனை முறை திருத்தினால் போதும்?

ஒவ்வொரு வடிவத்திலும் என்ன மாற்றினேன் என்ற பட்டியலையும் சில பக்கங்களையும் இணைத்திருக்கிறேன். வானத்துக்கு நீலமா ஊதாவா என்று முடிந்தால் சொல்லுங்கள்.

க.

அன்புள்ள க.,

படங்களைத் திறப்பதற்கு முன் பட்டியலைத்தான் படித்தேன். பத்தொன்பது சுற்றில் பதினொன்று நிறம். மூன்று எழுத்துரு. இரண்டு சிறுமியின் தலைமுடி. ஒன்று தாளின் அளவு. நான்காவது வடிவத்துக்கு எதிரே, "பக்கம் 14 தொய்கிறது, பார்க்கணும்" என்று நீங்களே குறித்து வைத்திருக்கிறீர்கள். அதற்குப் பிறகு பதினைந்து சுற்று ஓடியிருக்கிறது. ஒன்றில்கூட அந்தப் பக்கத்தில் கை வைக்கவில்லை.

குறையாகச் சொல்லவில்லை. என் நாவல் கைப்பிரதிகளுக்கு இப்படி ஒரு பட்டியல் போட்டால் இதைவிடக் கேவலமாக இருக்கும். மூன்றாம் அத்தியாயம் நிற்கவில்லை என்று தெரிந்துகொண்டே முதல் அத்தியாயத்தின் முதல் பத்தியை ஒரு மாதம் இழைத்திருக்கிறேன். உழைத்த களைப்பு மட்டும் உண்மையாகவே வரும், அதுதான் ஏமாற்றிவிடுகிறது. தொட வேண்டிய இடத்தைத் தொடப் பயமாக இருக்கும்போது தொடத் தெரிந்த இடத்தையே கை தேடிப் போகிறது. உங்களுக்கு நிறம் கைவந்த கலை, ஆகவே நிறம்.

டைசன் கணக்கை வகுப்பில் பாதிதான் சொல்லியிருக்கிறார்கள். 5,126 மாதிரிகள் சரிவரவில்லை, அடுத்தது வந்தது, ஐந்து வருடம் ஆயிற்று. இதெல்லாம் சரி. ஆனால் அவர் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிவிட்டு ஓட்டிப் பார்த்தார். தூசு காற்றிலிருந்து பிரிகிறதா, இல்லையா என்று இயந்திரமே பதில் சொல்லிவிடும். பதில் வந்ததால்தான் அடுத்த மாதிரிக்கு ஒரு காரணம் இருந்தது. உங்கள் பன்னிரண்டாவது வடிவம் எந்தக் கேள்விக்குப் பதில் தேடியது? பட்டியலில் "இன்னும் கொஞ்சம் இதமாக" என்று இருக்கிறது. அது கேள்வியே இல்லையே. இதமாக வந்ததா என்பதை யார், எதை வைத்துச் சொல்வது?

டைசனைவிட உங்களுக்குப் பயன்படக்கூடியவர் பால் மெக்ரெடி என்ற அமெரிக்கப் பொறியாளர் என்று நினைக்கிறேன். மனித சக்தியால் மட்டும் பறக்கும் விமானத்துக்கு 1959இல் கிரெமர் பரிசு அறிவித்தார்கள். அரை மைல் இடைவெளியில் இரண்டு கம்பங்கள், அவற்றைச் சுற்றி எட்டு வடிவில் பறந்து காட்ட வேண்டும். 1961இலேயே ஆட்கள் மிதித்துப் பறந்துவிட்டார்கள், ஆனால் நேராக மட்டும். திருப்புவதுதான் எல்லோரையும் பாடாய்ப் படுத்தியது. போட்டியிட்டவர்கள் பெரும்பாலும் பார்த்துப் பார்த்து இழைத்த அழகான விமானங்களைச் செய்தார்கள். அப்படி ஒன்று தரையில் மோதினால் பழுதுபார்க்கவே மாதங்கள் ஆகும். மெக்ரெடி அலுமினியக் குழாயும் மெல்லிய பிளாஸ்டிக் படலமும் கம்பியும் வைத்து ஒன்றைக் கட்டினார். பார்க்க ஒன்றும் பிரமாதமாக இருக்காது. உடைந்தால் ஒட்டிக் கட்டி வெகு சீக்கிரம் மறுபடி பறக்கவிட்டுவிடலாம். மற்றவர்கள் ஒரு தவறிலிருந்து பாடம் படித்து முடிப்பதற்குள் அவர் பல தவறுகளைச் செய்து முடித்திருந்தார். 1977 ஆகஸ்ட் 23 அன்று பிரையன் ஆலன் என்ற சைக்கிள் வீரர் அதை மிதித்து எட்டுப் போட்டார். பதினெட்டு வருடம் எவர் கையிலும் சிக்காத பரிசு அது.

இப்போது உங்கள் சுற்று ஒன்றுக்கு என்ன செலவாகிறது என்று பாருங்கள். 32 பக்கத்துக்கும் முழு வண்ணம், நிழல், தலைமுடியில் இழை இழையாக வெளிச்சம். பட்டியலில் உள்ள தேதிகளின்படி சராசரியாக இரண்டு மாதம். இரண்டு மாதம் உட்கார்ந்து வரைந்த பக்கத்தை எவருக்குக் கிழித்துப் போட மனசு வரும்? அதனால்தான் கதையைத் தொடாமல் நிறத்தைத் தொடுகிறீர்கள்.

எட்டுத் தாளை எடுத்து நடுவில் மடித்து ஒன்றுக்குள் ஒன்று செருகினால் 32 பக்கம் வந்துவிடும். உள்ளங்கை அளவு போதும். குச்சி மனிதர்களாக வரையுங்கள். பூனைக்கு ஒரு வட்டம், இரண்டு காது. முக்கால் மணி நேரத்தில் முழுப் புத்தகமும் முடிந்துவிடும். அதைக் கையில் வைத்துப் புரட்ட வேண்டும், திரையில் பார்த்தால் பிரயோசனமில்லை. படக்கதையில் கதை நடப்பது தாள் புரளும் அந்த ஒரு கணத்தில்தான். உங்கள் 13ஆம் பக்கம் வலது கைப் பக்கம். அதில் சிறுமி மாடியில் ஏதோ சத்தம் கேட்டு நிமிர்கிறாள். குழந்தை ஆவலோடு தாளைப் புரட்டுகிறது. 14, 15 இரண்டிலும் அவள் படிக்கட்டில் உட்கார்ந்து யோசிக்கிறாள். சத்தம் என்ன ஆயிற்று? 16இல் தெருவில் நிற்கிறாள்.

அந்தப் படிக்கட்டுப் படம் புத்தகத்திலேயே மிக அழகானது. மேலிருந்து விழும் வெளிச்சமும் கைப்பிடிச் சுவரின் தேய்மானமும் அற்புதம். நீங்கள் அதைத் தொடாததன் காரணம் எனக்கு அப்போதுதான் புரிந்தது.

டச்சு ஓவியர் ரெம்பிராண்ட் 1653இல் 'மூன்று சிலுவைகள்' என்ற அச்சுப்படத்தைச் செய்தார். செப்புத் தகட்டை ஊசியால் நேரடியாகக் கீறும் முறை. கீறலின் ஓரத்தில் எழும் பிசிறு மை பிடித்துக்கொண்டு மெத்தென்ற ஒரு கருமையைத் தரும். ஆனால் அழுத்தி அச்செடுக்க அச்செடுக்கப் பிசிறு நசுங்கிக்கொண்டே போகும். தகட்டை மாற்றி மாற்றி எடுக்கும் அச்சுகளை நிலை என்பார்கள். மூன்றாவது நிலையில் கையெழுத்தும் வருடமும் போட்டுவிட்டார், வேலை முடிந்தது என்று அர்த்தம். பிறகு அதே தகட்டை மறுபடி எடுத்து, கூட்டத்தில் இருந்த பல உருவங்களைச் சுரண்டி எறிந்துவிட்டு, மேலிருந்து கீழாக முரட்டுக் கோடுகளால் இருளை இறக்கினார். நான்காவது நிலையை முதல் மூன்றோடு பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வேறு ஒரு படம் என்றே சொல்வோம். சுரண்டப்பட்டவை மோசமான உருவங்கள் அல்ல. அவர் வரைந்தவைதானே, எப்படி மோசமாக இருக்கும்? புதிய படத்தில் அவர்களுக்கு வேலை இல்லை, அவ்வளவுதான்.

படிக்கட்டைத் தனியாக அச்சிட்டுச் சுவரில் மாட்டிக்கொள்ளுங்கள். புத்தகத்தில் வேண்டாம்.

அடுத்து, ஓடுகிற சிறுமி நின்றுபோன விஷயம். பென்சில் டம்மியில் அவளை வரைந்தபோது கால் எங்கே விழும் என்று உங்களுக்கே தெரியாது. கோடு தேடிக்கொண்டே போயிருக்கிறது. முழங்கால் பக்கத்தில் மூன்று கோடு, எதையும் அழிக்கவில்லை. அந்தத் தேடலைத்தான் நம் கண் ஓட்டமாகப் பார்க்கிறது. இரண்டாவது வடிவத்திலிருந்து அதன்மேல் வெற்று அடுக்கு (லேயர்) வைத்து ஒற்றி எடுத்திருக்கிறீர்கள். மூன்றாவது இரண்டாவதை ஒற்றியது, நான்காவது மூன்றாவதை ஒற்றியது. நகலின் நகல். கோட்டுக்குப் போகுமிடம் முன்கூட்டியே தெரிந்துவிட்டது, அது நடக்கிறது. அனிமேஷன்காரர்களிடம் கேட்டுப் பாருங்கள், கரட்டுக் கோட்டைச் சுத்தப்படுத்தும்போது உயிர் போகாமல் காப்பாற்றுவதே ஒரு தனி வேலை என்பார்கள். எனக்குத் தெரிந்த ஒரே வழி இதுதான்: பழைய படத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டுக் கவிழ்த்து வையுங்கள். காலித் தாளில் புதிதாக வரையுங்கள். பத்து வரைந்தால் ஒன்று ஓடும்.

எழுத்திலும் இதேதான். கோப்பைத் திறந்து வார்த்தை வார்த்தையாகத் திருத்தினால் பழைய வாக்கியத்தின் எலும்பு அப்படியே இருக்கும். சரிவராத பத்தியை மூடிவைத்துவிட்டு நினைவிலிருந்து எழுதுவேன். மறந்துபோனது பெரும்பாலும் மறக்க வேண்டியதாகவே இருக்கும்.

யாரிடம் காட்டுவது என்று நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். எழுத ஆரம்பித்த காலத்தில் கொஞ்ச நாள் புத்தக அட்டைகள் செய்துகொண்டிருந்தேன். ஒரு அட்டையின் தலைப்பு எழுத்தை மூன்று பேர் உட்கார்ந்து ஆறு முறை மாற்றினோம். பெரிய திரையில் பிரமாதமாக இருந்தது. புத்தகம் வந்த பிறகு, போனில் நகம் அளவுப் படமாகப் பார்த்த ஒருவர் தலைப்பைத் தப்பாகப் படித்தார். பின்னணி மணல் நிறம், எழுத்து மெலிசு, அந்த அளவில் மெய்யெழுத்தின் புள்ளி ஒன்றுகூடத் தெரியவில்லை. பழைய ஓலைச்சுவடிகளில் புள்ளி வைக்காமல் எழுதியிருப்பார்களே, நேராக அங்கே திரும்பிப் போய்விட்டோம். ஆறு சுற்றில் ஒரு தடவைகூட எங்களில் எவரும் அதை வாசகன் பார்க்கும் அளவில் பார்க்கவில்லை.

ஆகவே எட்டுத் தாள் டம்மியைச் சக வடிவமைப்பாளரிடம் காட்டாதீர்கள். அவர் எழுத்துருவைப் பற்றிப் பேசுவார். ஆறு வயதுக் குழந்தை ஒன்றுக்குப் படித்துக் காட்டுங்கள். "பிடிச்சிருக்கா?" என்று கேட்டால் பிடித்திருக்கிறது என்றுதான் சொல்லும், குழந்தைகளுக்கும் தாட்சண்யம் உண்டு. ஒன்றும் கேட்காமல் எந்தப் பக்கத்தில் அது தாளை உங்கள் கையிலிருந்து பிடுங்கிப் புரட்டுகிறது, எந்தப் பக்கத்தில் ஜன்னலைப் பார்க்கிறது என்று மட்டும் கவனியுங்கள். மறுநாள் கதையை அதன் வாயால் சொல்லச் சொல்லுங்கள். விட்டுப்போன பக்கங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த சுற்றுக்கான கேள்வி அதுதான்.

எத்தனை சுற்று என்றால் எண்ணாகச் சொல்லத் தெரியவில்லை. ஆனால் உங்கள் பட்டியலில் ஒரு இடம் இருக்கிறது. பதினாறாவதில் வானம் நீலத்திலிருந்து ஊதாவுக்குப் போகிறது, பதினெட்டாவதில் நீலத்துக்குத் திரும்புகிறது. போட்டதை எடுத்து, எடுத்ததைத் திரும்பப் போட ஆரம்பித்தால் நிறத்தைப் பொறுத்தவரை உங்களிடம் கேள்விகள் தீர்ந்துவிட்டன. அங்கேயே பேனாவைக் கீழே வைத்திருக்கலாம். கதையில் இன்னும் ஆரம்பிக்கவே இல்லை, அங்கே நீங்கள் இருப்பது நான்காவது சுற்றில்.

வானம் நீலமா ஊதாவா என்பதற்கு இப்போது பதில் சொல்ல மாட்டேன். மாடியில் என்ன சத்தம் கேட்டது என்று முடிவு செய்துவிட்டு எழுதுங்கள்.